மலைக்கு முதலில் வந்தது யார், எந்த வருஷம்? நீலகிரிக் குடும்பங்கள் முன்னோரைத் தேடும் முறை

தாத்தாவின் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. முனியாண்டி என்று தட்டினாலும் போஜன் என்று தட்டினாலும் ஆயிரம் பேர் வருவார்கள். நம் ஆள் வரமாட்டார். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாததற்குத் தாத்தா பெயரையே பேரனுக்கு வைப்போம். ஆகவே வெறும் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் எங்கும் போய்ச் சேரமுடியாது. முதலில் ஊர், அடுத்து ஆண்டு, கடைசியில்தான் பெயர். அந்த ஊர் அந்த ஆண்டில் யார் ஆட்சிக்குள் இருந்தது என்று தெரிந்தால், காகிதம் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

நீலகிரியில் இது இன்னும் முக்கியம். படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் போன்றோர் நீங்கலாக இங்கே இருக்கும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் கடந்த 200 ஆண்டுகளுக்குள் கீழேயிருந்தோ கடல் கடந்தோ வந்தவை. குடும்பம் மலையேறிய ஆண்டைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதற்கு முந்தைய காகிதம் மலையில் இருக்காது.

வீட்டுப் பெட்டிக்குள் இருப்பவை

அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பலரும் பட்டாவையும் பத்திரத்தையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறார்கள். உறவைச் சொல்வது அந்தக் கழிவில்தான் கிடக்கும்.

கல்யாணப் பத்திரிகை ஒன்று மூன்று தலைமுறையைச் சொல்லும்: "இன்ன ஊர் இன்னார் பேரனும், இன்னார் குமாரனும்". பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' அல்லது 'தெய்வத்திரு' என்று இருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். இறப்புப் பதிவைத் தேடவேண்டிய கால எல்லை அங்கேயே கிடைத்துவிடும். 'திருவளர்செல்வன்' என்றிருந்தால் அவருக்குப் பின் கல்யாணம் ஆகவேண்டிய தம்பி தங்கை இருந்தார்கள் என்றும், 'திருநிறைசெல்வன்' என்றால் அதுதான் அந்த வீட்டுக் கடைசிக் கல்யாணம் என்றும் வழக்கம். எல்லா அச்சகமும் இதைக் கவனித்துப் போடவில்லை. துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக எடுக்காதீர்கள். பத்திரிகையின் அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று வரிசையாகப் போட்டிருக்கும் பெயர்களைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெண் எடுத்த வீடும் பெண் கொடுத்த வீடும் அங்கே இருக்கும்.

அதைவிடப் பெரிய புதையல் மொய் நோட்டு. பெயரும் ஊரும் தொகையும் வரிசையாக இருக்கும். தாய்மாமன் மொய் முன்னால் வரும். தொகை பெரிதாக இருக்கும். குன்னூரில் நடந்த கல்யாணத்துக்கு முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பத்துப் பேர் மொய் எழுதியிருந்தால் அந்தக் கிராமத்தோடு இரத்த உறவோ சம்பந்த உறவோ உண்டு. ஊர்ப் பெயரை வைத்துப் பிரித்துப் பட்டியல் போடுங்கள். அதிகம் வரும் முதல் மூன்று ஊர்களில் ஒன்று பூர்வீகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜாதகம் இருந்தால் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, நட்சத்திரம் எல்லாம் கிடைக்கும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைவிட அதையே நம்பலாம். பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று வாத்தியாரே மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டது ஊர் அறிந்த கதை. ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கும் ஜூனில் பிறந்தநாள் என்றால் நான்கும் சந்தேகத்துக்குரியவை.

மலையில் காகிதத்துக்குப் பெரிய எதிரி ஈரம். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்காதீர்கள். அடுப்புப் பக்கத்திலோ வெயிலிலோ வைக்காதீர்கள், மை பரவித் தாள் சுருண்டுவிடும். நிழலில், மெதுவான மின்விசிறிக் காற்றில், மையுறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து ஓரிரு நாள் விட்டால் பெரும்பாலும் தானாகப் பிரியும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் மையைத் தின்னும். பிறகு பிரிக்கவும் முடியாது. ஸ்கேன் செய்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும், பழைய புகைப்படத்துக்கு 600 வையுங்கள். பிறகு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் வருமுன்னும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழைக்கு முன்னும் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

"உங்க தாத்தா யாரு?" என்று கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். ஒருவரை மையமாக வைத்து, அவரைப் பெற்ற அம்மா யார், அப்பா யார், அவர்களுக்கு மூத்ததிலிருந்து வரிசையாகப் பிள்ளைகள் யார் யார், தவறிப்போன குழந்தை எத்தனை, ஒவ்வொருவருக்கும் எங்கே சம்பந்தம் என்று போகவேண்டும். மானிடவியலில் வம்சாவளி முறை என்று சொல்லப்படும் இதை ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901, 1902இல் நம் மலையிலேயே தோடர்களிடம் விரிவாகக் கையாண்டார். இறந்தவர் பெயரைச் சொந்தக்காரர் உச்சரிப்பது தோடரிடையே வழக்கமில்லை என்பதால் அவர் வேறு குடும்பத்தாரிடம் கேட்டு எழுதினார். நமக்கும் அது பொருந்தும். கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நெருக்காமல் கொழுந்தனாரிடமோ நாத்தனாரிடமோ கேளுங்கள்.

'அண்ணன்' என்றால் பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், 'அப்பா' என்றால் சித்தப்பாவாகவும் இருக்கலாம். "ஒரே வயித்துல பொறந்தவங்களா?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுவிடுங்கள். வீட்டில் தவறாகப் போகும் குடும்ப மரங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் போனவைதான். படகர் வீடுகளில் எந்த ஹட்டி (படகர் ஊர்) என்பதோடு அம்மா எந்த ஹட்டியிலிருந்து வந்தார் என்பதையும், பாட்டி எந்த ஹட்டி என்பதையும் கேளுங்கள். ஒரே ஹட்டிக்குள் பெரும்பாலும் பெண் எடுப்பதில்லை என்பதால் தாய்வழிக்குத் தனித்தனி ஊர்கள் கிடைக்கும்.

வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. சம்பவம் கேட்டால் சொல்வார்கள். காந்தி குன்னூருக்கு வந்தது 1934 தொடக்கம். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். அண்ணா மறைவு 1969 பிப்ரவரி. சிலோன் கலவரங்கள் 1958, 1977, 1983. எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர். மரப்பாலம் நிலச்சரிவு 1993 நவம்பர். "அண்ணா செத்தப்ப இவன் தவழ்ந்துக்கிட்டிருந்தான்" என்ற ஒரு வாக்கியம் பிறப்பை 1968 என்று குறிக்கப் போதும்.

எந்த அலுவலகம்?

இப்போது ஊரும் உத்தேச ஆண்டும் கையில் இருக்கிறது. நீலகிரி 1868இல்தான் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது, 1882இலிருந்துதான் கலெக்டர். அதற்கு முந்தைய வருவாய்க் காகிதங்கள் கோயம்புத்தூர் ஜில்லாவின் பேரில் இருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்கும்போதும் கோயம்புத்தூர் என்றே கேளுங்கள். 1830 முதல் 1843 வரை மலையின் ஒரு பகுதி மலபாரோடு இருந்தது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் 1877 வரைக்கும் மலபார் ஜில்லாவின் தென்கிழக்கு வயநாடு. அந்தக் காலத்து மலபார்க் காகிதங்களுக்குக் கோழிக்கோட்டில் உள்ள கேரள அரசின் வட்டார ஆவணக் காப்பகம் போகவேண்டும்; மலையாளம் படிப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூடலூரில் நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மமாக (பரம்பரை உடைமையாக) இருந்ததால் 1969இன் ஜென்ம ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னால் பட்டா தேடுவதில் பயனில்லை. குத்தகைச் சீட்டு, ரசீது, வழக்குக் காகிதம் என்று தேடவேண்டும்.

முன்பு இருந்தவை உதகை, குன்னூர், கூடலூர் என்று மூன்று தாலுகாக்கள்தான். கோத்தகிரி குன்னூரிலிருந்தும், குந்தா உதகையிலிருந்தும், பந்தலூர் கூடலூரிலிருந்தும் பிற்பாடு பிரிந்தவை. கோத்தகிரி அலுவலகத்தில் 'இல்லை' என்று சொன்னால் குன்னூரில் கேட்காமல் திரும்பாதீர்கள்.

கீழ்நாட்டுப் பூர்வீகத்துக்கும் இதே கணக்குதான். பழைய தாளில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்றிருந்தால் இன்று அது சிவகங்கையாகவோ விருதுநகராகவோ இருக்கலாம். 'மதுரை' என்பது திண்டுக்கல்லாகவோ தேனியாகவோ இருக்கலாம். 'சேலம்' தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லில் ஒன்றாக இருக்கலாம். 'திருச்சிராப்பள்ளி' கரூர், பெரம்பலூர், அரியலூர் என்று பிரிந்தது. தாலுகா பெயரையும் அதன் உட்பிரிவான பிர்க்காவின் பெயரையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஜில்லா பெயர் ஏமாற்றும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1800களின் கணக்கெடுப்பில் ஆட்பெயர் கிடைக்கும். இங்கே எண்ணிக்கைகள்தான் வெளியாயின. தனியாள் விவரம் கேட்டாலும் சட்டப்படி தரமாட்டார்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவு

சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. இன்றைய மத்தியச் சட்டம் 1969. கிராமங்களில் மணியக்காரர் எழுதிய பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். நகராட்சிகள் தங்கள் பதிவேட்டைத் தாங்களே வைத்திருக்கும். உதகை, குன்னூர் இரண்டும் 1866 முதல் நகராட்சிகள். வெலிங்டன் என்றால் கன்டோன்மென்ட் போர்டு.

குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதல்ல, சம்பவம் எங்கே நடந்தது என்பதே பதிவிடத்தைத் தீர்மானிக்கும். கொலக்கம்பையில் குடியிருந்தாலும் குன்னூர் லாலி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை குன்னூர் நகராட்சியில்தான் பதிவாகியிருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மூத்த பிள்ளையின் பதிவு மலையில் கிடைக்கவில்லையென்றால் அது பாட்டியின் பிறந்த ஊரில் இருக்கும். பாட்டி ஊர் தெரியாதவர்களுக்கு இதுவே அதைக் கண்டுபிடிக்கும் வழியும்கூட: மூத்தவர் எங்கே பிறந்தார் என்று கேளுங்கள்.

பழைய பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்', தகப்பன் பெயர், தாய் பெயர், தேதி, வசிப்பிடம், அவ்வளவுதான். குழந்தை பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் எழுத்தர் 'இல்லை' என்பார். அவர் மீது குற்றமில்லை. தகப்பன் பெயர், தாய் பெயர், உத்தேச ஆண்டுக்கு முன்னும் பின்னும் மூன்று ஆண்டு என்று எழுதிக் கொடுங்கள். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தேடச் சொல்லலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் இறப்புக்கான காரணத்தை நகலில் தரமாட்டார்கள். தேடியும் கிடைக்கவில்லையென்றால் பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வேறொருவர் அதே மூன்று ஆண்டுகளை மறுபடி தேடாமல் இருக்க அது உதவும்.

போகும் நேரத்திலும் கவனம் வேண்டும். மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது வருவாய்க் கணக்குத் தணிக்கை. மே மாதம் ஊட்டியில் கோடைவிழா வேறு. இரண்டும் முடிந்தபின் போனால் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

பத்திரங்கள்

சென்னை மாகாணத்தில் பத்திரப்பதிவு 1865இல் தொடங்கியது. பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975க்குப் பிந்தைய வில்லங்கம் பெரும்பாலும் கிடைக்கும். அதற்கு முன் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடவேண்டும். அசையாச் சொத்து பற்றியது 1ஆம் புத்தகம். அதற்கு இரண்டு அட்டவணை உண்டு: முதலாவது ஆட்பெயர்படி, இரண்டாவது சொத்துப்படி. சொந்த நிலம் தெரிந்தால் இரண்டாவது, பெயர் மட்டும் தெரிந்தால் முதலாவது. உயில்கள் 3ஆம் புத்தகத்தில் இருக்கும்; எழுதியவர் இறந்தபின் யார் கேட்டாலும் நகல் கிடைக்கும்.

கிரையப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் பல மடங்கு உதவும். தகப்பன், அவரது எல்லா மகன்கள், வயது, சில வேளை இறந்துபோன சகோதரனின் விதவை, மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியன் என்று ஒரு கிளை முழுவதும் ஒரே தாளில் இருக்கும். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் மணமாகிப் போன பெண்கள் கணவன் பெயர், ஊரோடு வருவார்கள். பெண்கள் காகிதத்தில் தெளிவாகத் தோன்றும் அரிய இடம் அது. பங்காளிச் சண்டை கோர்ட்டுக்குப் போயிருந்தால் உங்களுக்கு யோகம்தான். பாக வழக்கின் பிராதோடு வம்சாவளி அட்டவணை இணைத்திருப்பார்கள். ஆனால் தன் பக்கம் பங்கு கூடும்படி வாதி போட்ட அட்டவணை அது; பிரதிவாதியின் பதிலுரையையும் சேர்த்துப் படியுங்கள்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்தப் பகுதி உதவாது. அவர்களுக்கு எஸ்டேட் காகிதம். வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை நியமனப் படிவங்களில் குடும்பத்தார் பெயர், உறவு, வயது எழுதவேண்டும். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை, ரயில்வே போன்றவற்றில் வேலை பார்த்தவர்களுக்குப் பணிப்பதிவேடு உண்டு. செக்ரோல் என்ற கூலிப் பதிவேடெல்லாம் பழைய எஸ்டேட்களில் மிஞ்சியது குறைவு. மிஞ்சியதில் பெயரும் நாளும் கூலியும்தான், உறவு இருக்காது.

வாக்காளர் பட்டியலையும் விடாதீர்கள். 2002, 2005 தீவிரத் திருத்தத்தின் பட்டியல்களில் பாகம், வீட்டு எண், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது உண்டு. எஸ்டேட்டின் ஒரு லைனில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) அடுத்தடுத்த வீட்டு எண்களில் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் சொந்தக்காரர்கள் அணியாக வெளிப்படுவார்கள்.

சிலோன் காகிதம்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பகுதிகளில் தாயகம் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். திரும்பியவர்களுக்கு வேலை தரவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுவே இன்றைய டான்டீ.

இந்தக் குடும்பங்களிடம் மற்றவர்களைவிட நல்ல காகிதம் இருக்கிறது, அதை அவர்களே உணர்வதில்லை. பாஸ்போர்ட்டில் பிறந்த தோட்டத்தின் பெயர் இருக்கும். இந்தியாவில் பூர்வீக முகவரியும் இருந்தால் தேடல் பாதி முடிந்தது. குடும்ப அட்டையில் எல்லா உறுப்பினரும் வயதோடு இருப்பார்கள். முத்திரைகளைப் பாருங்கள்: தலைமன்னாரில் புறப்பட்ட தேதி, ராமேஸ்வரத்தில் இறங்கிய தேதி, மண்டபம் முகாம். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் இலங்கைக் குடியுரிமை கேட்டுப் போட்ட மனுவின் நகலோ நிராகரிப்புக் கடிதமோ இருந்தால் அதன் கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவுக்குக் கடைசி நாள் 1951 ஆகஸ்டு 5. அதில் தொடர்ந்து வசித்ததற்கான ஆதாரம் கேட்டதால் குடும்ப விவரம் விரிவாக இருக்கும்.

உடலுழைப்புத் தொழிலாளர் சிலோனுக்குப் போவதை 1939 ஆகஸ்டு முதல் இந்திய அரசு தடைசெய்தது. ஆகவே முதலில் கடல் கடந்தவர் பெரும்பாலும் அதற்கு முன் போனவர். 1940களில் 'போனார்' என்று யாராவது சொன்னால் விடுப்பில் வந்து திரும்பியதாக இருக்கலாம். எந்தக் கங்காணியோடு போனார் என்று கேளுங்கள். கங்காணி தன் ஊர், தன் உறவு, தன் சாதி ஆட்களையே திரட்டுவார். கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊரும் அதே பிர்க்காவுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம்.

தோட்டத்தின் பெயரில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. இரண்டுக்கும் ஒலியில் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். பாட்டி சொல்லும் பெயரில் இலங்கைப் பதிவாளரிடம் கேட்டால் கிடைக்காது. பக்கத்து டவுன், டிவிஷன், அருகிலிருந்த ரயில் நிலையம் ஆகியவற்றைக் கேட்டு ஆங்கிலப் பெயரை உறுதிசெய்தபின் அந்தப் பகுதியின் பிரதேசச் செயலகத்தில் பிறப்புப் பதிவு கேளுங்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது தோட்ட அலுவலகக் காகிதங்கள் பல இடம் மாறின. நேராகத் தோட்டத்துக்கு எழுதிப் பதில் வரவில்லையென்றால் சோர்ந்துவிட வேண்டாம்.

தேவாலயமும் குலதெய்வமும்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு முதல் இடம். உதகை புனித ஸ்தேவான் ஆலயம் 1830இல் அபிஷேகம் செய்யப்பட்டது; கேத்தியில் பாசல் மிஷன் 1846இல் வந்தது; உதகை கத்தோலிக்க மறைமாவட்டம் 1955இல்தான் உருவானது. கத்தோலிக்கப் பதிவேட்டில் ஓரக்குறிப்பைப் படிக்காமல் விடாதீர்கள்: ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே பின்னாளில் எங்கே, யாரோடு திருமணம் என்று எழுதியிருப்பார்கள். எழுத்து லத்தீனில் இருக்கும். பெயரும் லத்தீன் வடிவத்துக்கு மாறியிருக்கும். சூசை 'யோசேப்புஸ்' ஆகியிருப்பார்.

கல்லறை எழுத்துகளில் பாசி படிந்திருந்தால் கம்பித் தூரிகை, ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். எழுத்து தெரியவில்லையென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

இந்துக் குடும்பங்களுக்குக் குலதெய்வக் கோயில்தான் பதிவேடு. மாசி சிவராத்திரிக்கு எந்தக் கோயிலுக்குக் கீழே இறங்குகிறார்கள் என்று கேளுங்கள். கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும்: ஆண்டுவாரியாகக் குடும்பத் தலைவர்களின் பெயர். ஒரு பெயர் மறைந்து மகன் பெயர் வரும் ஆண்டு, தகப்பன் இறந்த ஆண்டையோ பாகம் பிரிந்த ஆண்டையோ சொல்லும். அங்கேயே பங்காளிகள் நான்கு பேரைப் பிடித்துவிடலாம்.

ஆண்டுக் கணக்கு

தமிழ் ஆண்டு 60 வருடச் சுழற்சி. பிரபவ முதல் எண்ணி வரும் வரிசை எண்ணோடு 1866, 1926, 1986 மூன்றையும் தனித்தனியே கூட்டுங்கள். தாது 10ஆவது: 1876, 1936, 1996. தாது வருஷப் பஞ்சம் 1876இல் வந்தது அப்படித்தான். விரோதி 23ஆவது: 1889, 1949, 2009. கிடைப்பது சித்திரையில் தொடங்கும் ஆண்டு. தை, மாசி, பங்குனி என்றால் ஒன்று கூட்டவேண்டும். மார்கழி என்றால் தேதியைப் பார்த்து முடிவுசெய்யவேண்டும். மூன்றில் எது என்பதை வயது சொல்லும்.

வருவாய்க் காகிதத்தில் பசலி என்ற வருவாய் ஆண்டு இருக்கும். 590 கூட்டினால் ஜூலையில் தொடங்கும் ஆண்டு: பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. கூடலூர்ப் பக்கத்துக் கொல்லம் ஆண்டுக்கு (மலையாள ஆண்டு) 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் வரும் மாதங்களென்றால் 825. பழைய பத்திரங்களில் எண்களே தமிழில் இருக்கும்: ௲௮௱௯௰௨ என்றால் 1892. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். இந்த மூன்று குறியையும் எழுத்தென்று நினைத்துப் பெயரோடு சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு.

இணையத்தில் மரம் வளர்ப்பது

இவ்வளவும் சேர்ந்தபின்தான் இணையம். ஃபேமிலிசர்ச் இலவசம், இந்தியாவின் பழைய கிறிஸ்தவ ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் அட்டவணைகள் அதில் உண்டு. ஆங்கிலேய, ஆங்கிலோ-இந்தியக் கிளை உள்ளவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளையும், ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இலவசத் தேடலையும் பார்க்கவேண்டும். இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு இவற்றில் கிடைப்பது மிகக் குறைவு; சந்தா கட்டும் முன் இதை மனதில் வையுங்கள். தேடும்போது அந்தக் காலத்து ஆங்கில எழுத்தை நினைவில் கொள்ளுங்கள். 'உ' ஒலிக்கு இரண்டு 'ஓ' போடுவார்கள். 'சாமி'யில் 'ஏ'வுக்குப் பின் 'டபிள்யூ' வரும். எழுத்து உறுதியில்லாத இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் எல்லா வடிவமும் வரும்.

மரத்தை எங்கே போடுவது? ஃபேமிலிசர்ச், ஜெனி, விக்கிட்ரீ மூன்றிலும் எல்லோருக்கும் பொதுவான ஒரே மரம். மற்றவர்களும் உங்கள் கிளையைத் திருத்த முடியும். முதலில் கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் உங்கள் கணினியிலேயே கட்டுங்கள். ஆதாரம் உள்ள, இறந்துபோனவர்களை மட்டும் பொதுமரத்துக்கு ஏற்றுங்கள். இதுவே பாதுகாப்பான வழி. மரத்தை ஜெட்காம் என்ற பொதுவடிவக் கோப்பாக வெளியெடுக்கும்போது எழுத்துக்குறியீட்டை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், மீட்கவும் முடியாது.

குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். தகப்பன் பெயரை அதில் போட்டால் ஒரு தலைமுறைக்கு ஒரு 'குடும்பம்' என்று மென்பொருள் பிரிக்கும். சாதிப் பெயரைப் போட்டால் சம்பந்தமில்லாத ஆயிரம் பேரோடு பொருத்தக் குறிப்பு வந்துகொண்டே இருக்கும். இயற்பெயர் தமிழில், மாற்றுப் பெயராக ஆங்கில வடிவம், பட்டப்பெயர் தனியே. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். தாத்தா கருப்பையாவும் பேரன் கருப்பையாவும் ஒருவரென்று இணையதளம் இணைக்கச் சொல்லும். பிறந்த ஆண்டு, மனைவி பெயர், ஊர் மூன்றில் இரண்டு ஒத்துப்போகாமல் இணைக்காதீர்கள். தவறாக இணைத்துவிட்டால் உடனே மாற்ற வரலாற்றைத் திறந்து பின்வாங்குங்கள். அதன்மேல் வேறொருவர் நான்கு திருத்தம் செய்தபின் பிரிப்பது பெரும்பாடு.

மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் கல்யாணங்களில் ஒரே ஆள் மரத்தில் இரண்டு இடத்தில் வருவார். இரண்டாவது முறை புதிதாகப் பதியாமல், இருக்கும் ஆளையே எண்ணைப் பார்த்து இணைக்கவேண்டும். அக்கா மகளைக் கட்டியவர் விஷயத்தில் 'தலைமுறை பொருந்தவில்லை' என்று மென்பொருள் எச்சரிக்கும். அது நம் வழக்கம் தெரியாத எச்சரிக்கை, தள்ளிவிடலாம். தாய்க்கும் மகளுக்கும் 11 வயது வித்தியாசம் என்று வரும் எச்சரிக்கையைத் தள்ளாதீர்கள். இரண்டாம் தாரமாகவோ, தவறாகப் படித்த வயதாகவோ இருக்கும். டிஎன்ஏ சோதனையும் இதே காரணத்தால்தான் நமக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. பல தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணந்த சமூகத்தில் தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தம்போல் காட்டும்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் ஆதார் நகலையும் எங்கும் ஏற்றாதீர்கள். வங்கிகள் கேட்கும் அடையாளக் கேள்விகளுக்கு அவையே விடை. தத்து, இரண்டாம் தாரம், சாதி மாறிய கல்யாணம் போன்றவற்றை உங்கள் கணினியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; பொதுவில் போடும் முன் அந்த வீட்டாரைக் கேளுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் கீழே எந்தக் காகிதம், எந்தப் பக்கம், யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று ஒரு வரி. வாய்மொழி என்றால் வாய்மொழி என்றே எழுதுங்கள். ஓரளவு நிரம்பியதும் பெரிய தாளில் அச்சடித்து, அடுத்த குலதெய்வக் கும்பிடுக்குக் கொண்டுபோய்ப் பங்காளிகள் கண்ணில் படும்படி விரித்து வையுங்கள். கூடவே பென்சில் வையுங்கள், பேனா வேண்டாம். காலையில் ஒருவர் திருத்தியதை மத்தியானத்துக்குள் இன்னொருவர் திருத்துவார். யார் எதைத் திருத்தினார் என்று ஓரத்தில் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.